பரணில் கிடக்கும் ட்யூப் டிவியை எடைக்குப் போடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய வீடியோ கேம்களைப் பிக்சர் ட்யூப் டிவியிலும் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரிலும் விளையாடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

*அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேசட் வீடியோ கேமைத் தூசி தட்டி எல்இடி டிவியில் மாட்டினேன். மற்ற கேம் எல்லாம் ஓடுகிறது. வாத்து சுடுகிற ‘டக் ஹன்ட்’ கேமில் மட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?*
– வாசகர், ஈரோடு

துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும். டிவிதான் அதற்குப் பொருந்தவில்லை.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு பாகம், அவ்வளவுதான். குதிரையை இழுத்ததும் கேம் திரையை ஒரு கணம் முழுக் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். கறுப்பில் வெளிச்சம் தெரியாமல் அடுத்ததில் தெரிந்தால் குறி சரி. இரண்டு வாத்து பறந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டம் வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து விழுந்தது என்று கேம் முடிவு செய்கிறது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் என்றால், சுமார் 16.7 மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட்.

ட்யூப் டிவி சிக்னல் வர வர அப்படியே வரி வரியாகத் திரையில் எழுதிவிடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, டிஜிட்டலாக்கி, திரை அளவுக்கு இழுத்து, அதன் பிறகே காட்டும். அதற்குள் பல படங்களின் நேரம் போய்விடுகிறது. வெள்ளைக் கட்டம் திரையில் தெரியும்போது கேம் அதைத் தேடுவதை நிறுத்தியிருக்கும். இன்னொரு தடையும் உண்டு. குண்டு பல்பைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, நொடிக்குச் சுமார் 15,000 முறை துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் ஏற்கும்படி அந்தச் சர்க்யூட்டை அமைத்திருக்கிறார்கள். ட்யூப் டிவி வரிகளை எழுதும் வேகம் அதுதான். எல்இடியின் வெளிச்சத்தில் அந்தத் துடிப்பு கிடையாது.

ஆகவே பரணில் இருப்பதை இறக்குங்கள். முன்புறமோ பின்புறமோ மஞ்சள் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மஞ்சள் பின்னை அதில் செருகுங்கள். ஒரே ஸ்பீக்கர் செட் என்றால் வெள்ளைப் பின் ஒன்று போதும். ரிமோட் தொலைந்திருந்தால், பல செட்டில் சேனலை 0க்குக் கீழே இறக்கினால் ஏவி வரும். பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏற்றி, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து சுடச் சொல்லுங்கள்.

*பத்து வருஷமாக மூடிக் கிடந்த டிவியை அப்படியே பிளக்கில் சொருகி ஆன் செய்யலாமா?*
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம். இறக்கிய அன்றே கரண்ட் கொடுக்காதீர்கள். ஈரமான பரணாக இருந்திருந்தால் காற்றோட்டமான அறையில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பின் மூடியின் துளைகள் வழியாக பிளோயர் வைத்துத் தூசியை ஊதி எடுங்கள். மூடியைக் கழற்றும் வேலையை டிவி மெக்கானிக் செய்யட்டும். போர்டின் மேல் காய்ந்து கிடக்கும் பல்லியும் கரப்பான் எச்சமும் ஷார்ட் ஆக்கிவிடும் என்பதால் அவரிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு அதன் வழியே டிவிக்குக் கரண்ட் கொடுப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் மங்கினால் நல்லது. முதல் பளிச், திரையில் ஏறும் காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலும் பெரிய கெபாசிட்டரும் இழுக்கும் கரண்ட். மங்காமல் முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்திருந்தால் போர்டு போயிருக்கும், இங்கே பல்பு எரிவதோடு முடிகிறது. 60 வாட் பல்பில் சில செட் கிளம்பவே கிளம்பாது. அதை வைத்து டிவி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பல்பு இல்லாமல் ஓட்டும் முதல் பத்து நிமிஷம் பக்கத்திலேயே இருங்கள். மின்னல் அடித்த பிறகு வருவது போன்ற வாடையும் ‘உஸ்’ என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் ட்யூப்பின் மேல் இருக்கும் ரப்பர் மூடியருகே ஹை வோல்டேஜ் கசிகிறது. மழைக்காலத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் இது வரும். அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் சுத்தம் செய்யச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

*படம் மங்கலாக, எழுத்து கலங்கித் தெரிகிறது. உள்ளே ஒரு திருகைத் திருப்பினால் சரியாகும் என்கிறார்கள். நானே திறந்து செய்யலாமா?*
– வாசகர், நாமக்கல்

கூடாது. இந்தப் பகுதியில் நாங்கள் அழுத்திச் சொல்லும் விஷயம் இது ஒன்றுதான். 14 இன்ச் டிவியிலேயே ட்யூப்புக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப்பின் கண்ணாடி அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது போக, 230 வோல்ட்டை நேர் மின்சாரமாக்கிச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். ட்யூப்பின் கழுத்து மெல்லிய கண்ணாடி. ஸ்க்ரூ டிரைவர் தட்டினால் ட்யூப் அத்தோடு போயிற்று.

அவர்கள் சொல்லும் திருகு எல்ஓடி என்ற டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. பொதுவாக மேலே இருப்பது ஃபோகஸ், கீழே இருப்பது ஸ்க்ரீன். மெக்கானிக் மேலுள்ளதை மெல்லத் திருப்பும்போது நீங்கள் முன்னால் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் பார்க்காமல் நாலு மூலையிலும் பாருங்கள், ஏனென்றால் நடுவும் மூலையும் ஒரே இடத்தில் கூர்மையாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான இடத்தில் விடச் சொல்லுங்கள். ஸ்க்ரீனைத் தவறித் திருப்பி அதிகமாக்கினால் படத்தின் குறுக்கே சாய்வான மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கோடு மறையும்வரை குறைக்க வேண்டும்.

கவரைத் தொடாமல் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெனுவில் ஷார்ப்னஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அது கூடுதலாக இருந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும், பலர் அதையும் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். கான்ட்ராஸ்ட்டையும் குறைத்துப் பாருங்கள்.

*பிஎஸ்2வில் சில டிஸ்க் கலரில் வருகிறது. சில டிஸ்க் கறுப்பு வெள்ளை. ஒரு டிஸ்க்கில் படம் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது. கேம் மெஷின் கெட்டதா, டிவி கெட்டதா?*
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் கெடவில்லை. நம் ஊர் டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை: 625 வரி, நொடிக்கு 50 முறை, கலர் சிக்னல் 4.43 மெகாஹெர்ட்ஸில். அமெரிக்க, ஜப்பானிய டிஸ்க்குகள் என்டிஎஸ்சி என்ற வேறு முறை: 525 வரி, 60 முறை, 3.58 மெகாஹெர்ட்ஸ். டிவிக்கு 60 முறை பிடிபட்டு 3.58 கலர் மட்டும் புரியாவிட்டால் கறுப்பு வெள்ளை. 60 முறையே பிடிபடாவிட்டால் படம் ஓடும்.

முதலில் டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். பால் என்று பூட்டியிருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள், அதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஐரோப்பிய டிஸ்க்குகள் பலவற்றில் கேம் தொடங்கும்போது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கேட்கும். அங்கே 60ஐத் தேர்ந்தால் பிஎஸ்2 என்டிஎஸ்சி சிக்னலையே அனுப்பும், கலரும் 3.58லேயே வரும். என்டிஎஸ்சி கலர் தெரியாத டிவியில் இதுவும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். 50ல் விளையாடுவதற்கு எங்கள் ஓட்டு இல்லை. சரியாக மாற்றியமைக்காத கேம்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், பாட்டும் இழுக்கும்.

டிவியில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வீடியோ துளைகள் இருந்தால் காம்பொனென்ட் கேபிள் வாங்குங்கள். அதில் கலர் தனியாகப் போவதால் 3.58, 4.43 தகராறே இல்லை, 60 ஹெர்ட்ஸ் பிடித்தால் போதும். கேபிளை மாற்றுவதற்கு முன் மஞ்சள் கேபிளிலேயே பிஎஸ்2 மெனுவுக்குப் போய், காம்பொனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபி என்றிருந்தால் மற்றதற்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் நிறம் தாறுமாறாக வரும்.

என்டிஎஸ்சியைப் பாலாக மாற்றித் தருவதாகக் கடையில் விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். படத்தைச் சேமித்து வைத்து மாற்றுவதால் தாமதம் உள்ளே வந்துவிடும். ட்யூப் டிவி தேடியதன் பலனே அதோடு போய்விடும்.

*ஜப்பானிலிருந்து வந்த சூப்பர் ஃபேமிகாம் கேம் மெஷின் ஒன்று கிடைத்தது. அடாப்டர் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட். என்ன செய்ய?*
– வாசகர், யாழ்ப்பாணம்

அந்த அடாப்டரை இங்கே சொருகினால் உடனே எரிந்துவிடும். மெஷினுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர் மின்சாரம், 850 மில்லி ஆம்பியர். உள்ளூரில் கிடைக்கும் 9 அல்லது 10 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். கவனிக்க வேண்டியது பின்னின் திசை: நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, அதனால் அடாப்டரின் மேல் இருக்கும் சின்ன வட்டப் படத்தைப் பார்த்து, மீட்டரிலும் ஒருமுறை வைத்துவிட்டு மாட்டுங்கள். படம் என்டிஎஸ்சி என்பதால் கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

*ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் பழைய கேம்களைப் போட்டு, எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னப் பெட்டி வழியாக 21 இன்ச் டிவியில் ஓட்டுகிறேன். படம் நடுங்குகிறது, பட்டனை அழுத்தினால் மெதுவாகக் குதிக்கிறது.*
– வாசகர், மதுரை

பெட்டியைக் கழற்றிவிடுங்கள், குற்றவாளி அதுதான். பழைய கேம்கள் சுமார் 240 வரியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எழுதின. அந்தப் பெட்டி படத்தை வாங்கிச் சுருக்கி, ஒற்றைப்படை வரி ஒருமுறை, இரட்டைப்படை வரி ஒருமுறை என்று மாற்றி மாற்றி அனுப்புகிறது. மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்குவது அதனால். தாமதமும் அதன் வேலையே.

பை 3 வைத்திருந்தால் ஆடியோ ஜாக்கிலேயே ஏவி வீடியோ இருக்கிறது. 3.5 மில்லிமீட்டர், நாலு வளையப் பின். நுனியிலிருந்து எண்ணினால் இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், கடைசியில் வீடியோ. கேம்கோடருக்கு விற்ற கேபிள் பலவற்றில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறியிருக்கும். அதை மாட்டினால் படம் வராது, அல்லது ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று இரையும். மீட்டரை பீப் நிலையில் வைத்து, டிவிப் பக்கப் பின்களின் வெளி வளையம் ஜாக்கின் மூன்றாவது வளையத்தோடு சேர்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை சாஃப்ட்வேர் போட்டிருந்தால் கார்டிலுள்ள கான்ஃபிக் கோப்பில் ‘எஸ்டிடிவி மோட்’ என்ற வரியின் மதிப்பை மாற்ற வேண்டும். 0 சாதாரண என்டிஎஸ்சி, 2 சாதாரண பால். இரண்டும் நடுங்கும். 16 கொடுத்தால் வரி மாறாத என்டிஎஸ்சி, 18 கொடுத்தால் வரி மாறாத பால். டிவி 60 ஹெர்ட்ஸை ஏற்குமானால் 16தான் சரி. பூட் ஆகும்போது எச்டிஎம்ஐ கேபிள் சொருகியிருக்கக் கூடாது, இருந்தால் ஏவி வெளியே வராது. இந்த வரியை மாற்றிவிட்டுக் கோடு நடுங்காமல் நிற்பதைப் பார்த்தால், செய்த வேலைக்குக் கூலி கிடைத்த மாதிரி இருக்கும்.

*மஞ்சள் கேபிளைவிட நல்ல கேபிள் வாங்கிப் போட்டால் மெகா டிரைவ் கேம் மெஷினின் படம் இன்னும் துல்லியமாகுமா?*
– வாசகர், திருநெல்வேலி

ஆகும், ஆனால் ஆசைப்படாதீர்கள். 1991ல் வந்த சோனிக் கேமில் அருவியைப் பாருங்கள். துல்லியமான கேபிளில் அது ஜன்னல் கம்பிபோலச் செங்குத்துக் கோடுகளாக நிற்கும். மஞ்சள் கேபிளில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கலந்து, கோடுகள் கரைந்து, பின்னாலுள்ள பாறை தெரியும் தண்ணீராகிவிடும். அந்த மெஷினுக்குக் கண்ணாடித் தன்மை காட்டத் தெரியாது. அதனால் கேபிளும் ட்யூப்பும் கலந்துவிடும் என்று நம்பி வரைந்தார்கள். எழுத்து நிறைய படிக்க வேண்டிய கேம் என்றால், டிவியில் எஸ்-வீடியோ துளை இருந்து, மெஷினும் கொடுத்தால் மாறலாம்.

*காயலான் கடையில் 17 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர் பார்த்தேன். அதில் பழைய கேம் வருமா?*
– வாசகர், சென்னை

கேம் மெஷினை நேராக மாட்டினால் வராது. டிவி நொடிக்குச் சுமார் 15,700 வரி எழுதும். விஜிஏ மானிட்டர் பெரும்பாலும் 30,000க்குக் கீழே இறங்காது. கட்டாயப்படுத்தி 15 கிலோஹெர்ட்ஸ் அனுப்பினால் புதிய மானிட்டர் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று மறுத்துவிடும், பாதுகாப்பு இல்லாத பழையது கெட்டும் போகலாம். ஆனால் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கேம் மெஷினைப் போல நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர்) ஓட்ட அதைப் போல் இன்னொன்று கிடையாது. 640க்கு 480, 60 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வரும், படம் திடமாக இருக்கும். வரிகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளி வேண்டும் என்றால் 320க்கு 240ஐ 120 ஹெர்ட்ஸில் வையுங்கள். அப்போது வரி வேகம் 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வந்துவிடும், மானிட்டர் ஏற்கும். ஒரே படம் இரண்டு முறை வருவதால் ஓடும் உருவம் இரட்டையாகத் தெரியும். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் சாஃப்ட்வேரில் இடையில் ஒரு கறுப்புப் படம் நுழைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டால் இரட்டை மறையும், வெளிச்சம் பாதியாகும்.

விஜிஏ மானிட்டருக்கு அனலாக் சிக்னல் வேண்டும். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 900 வரிசைக்குப் பிறகு வந்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் அனலாக் வெளியீடு இல்லை. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் பெட்டி வாங்கலாம். மதுரை வாசகரிடம் வேண்டாம் என்றோம், இங்கே வேண்டும் என்கிறோம். காரணம், ஏவிப் பெட்டி படத்தை நிறுத்தி வைத்து மாற்றுகிறது, விஜிஏ பெட்டி வருவதை வந்த வரிசையிலேயே அனலாக்காக்கி அனுப்பிவிடுகிறது.

வாங்கும் முன் குளிர்ந்த நிலையிலிருந்து ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் ஆகியும் படம் மங்கலாகவே இருந்தாலும், வெள்ளை இடத்திலிருந்து ஒரு நிறம் பக்கவாட்டில் இழுத்தாலும் ட்யூப் வீக். ஹீட்டர் வோல்டேஜை ஏற்றிக் கொஞ்ச நாள் ஓட்டித் தருவார்கள், அது நிற்காது. டிவி வாங்குகிறவர்கள் ‘100 ஹெர்ட்ஸ்’ என்று போட்ட 29 இன்ச் செட்டைத் தவிர்த்துவிடுங்கள். ட்யூப்தான் என்றாலும் உள்ளே படத்தை டிஜிட்டலாகச் சேமித்து இரட்டிக்கிறது. தாமதமும் உண்டு, துப்பாக்கியும் வேலை செய்யாது.

*திரையின் ஒரு மூலையில் பச்சையும் ஊதாவும் திட்டாக நிற்கிறது.*
– வாசகி, தஞ்சாவூர்

பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் தள்ளி வையுங்கள். ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், அவை படத்தை அலைபோல ஆட்டும். பிறகு ரிமோட்டில் இல்லாமல் டிவியின் மெயின் சுவிட்சில் அணைத்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். ‘தும்ம்’ என்று ஒரு சத்தம் வந்து திட்டு குறையும். இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். சத்தமே வரவில்லை என்றால், டீகாஸ் காயிலுக்குக் கரண்ட் விடும் போசிஸ்டர் என்ற மூன்று கால் பாகம் போயிருக்கும், மாற்றுவது சின்ன வேலை. காந்தத்தைத் திரையில் வைத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள்.

*படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. ஒலி மட்டும் வருகிறது.*
– வாசகர், கடலூர்

படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசி போயிருக்கும், அல்லது அதன் காலில் ட்ரை சோல்டர், அதாவது விட்டுப்போன ஈயப் பற்று. உடனே அணையுங்கள். அந்தக் கோட்டை அப்படியே ஓடவிட்டால் திரையில் நிரந்தரமாகச் சுட்டுவிடும். முதலில் சோல்டரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், அதன் பிறகும் கோடாகவே நின்றால் ஐசி.

*டிவி போட்டால் ‘கீ’ என்று சத்தம் கேட்கிறது என்று பத்து வயது மகள் சொல்கிறாள். எங்களுக்குக் கேட்கவில்லை.*
– வாசகி, காரைக்குடி

அவள் சொல்வது சரி. எல்ஓடி நொடிக்கு 15,625 முறை அதிர்கிறது. குழந்தைக் காது அதைக் கேட்கும், வயது ஏற ஏற அந்த உயரம் காதிலிருந்து போய்விடும். கோளாறு கிடையாது. அவளுக்குத் தொந்தரவாக இருந்தால் டிவியைச் சுவரை ஒட்டி வைக்காமல், பின்னால் காற்று போக ஒரு சாண் இடம் விட்டு, பின் சுவரில் தடித்த திரைச்சீலையைத் தொங்க விடுங்கள்.

*சோனி ட்ரினிட்ரான் மானிட்டரில் குறுக்கே முடிபோல இரண்டு கோடு. துடைத்தால் போகவில்லை.*
– வாசகர், சேலம்

போகாது. உள்ளே செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பி வலை ஆடாமல் இருக்கக் குறுக்கே போட்ட மெல்லிய கம்பியின் நிழல் அது. எல்லா ட்ரினிட்ரானிலும் இருக்கும்.

*எங்கள் டிவியில் ட்யூப்பே போய்விட்டது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?*
– வாசகர், விருதுநகர்

அதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எல்ஓடி, ரிமோட், ஸ்பீக்கர், நல்ல நிலையிலுள்ள போர்டு எல்லாம் இன்னொரு டிவியை உயிரோடு வைக்கும், புதிதாக யாரும் செய்வதில்லை. மிச்சமுள்ள ட்யூப்பை உடைக்க விடாதீர்கள். கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிக்காகச் சுத்தியலால் தட்டுவார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி சிதறும், பின்பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த மின்கழிவு நிறுவனத்தில் முழுதாகக் கொடுங்கள். தூக்கும்போது கனமான பக்கமான திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். ஆட்டோவில் ஏற்றினால் திரையை சீட்டின் சாய்மானத்தோடு ஒட்டி, கழுத்துப் பக்கம் எதுவும் இடிக்காதபடி வையுங்கள்.